மூழ்கி எடுத்த ஃபைபர் படகில் பணம் போடலாமா?

தேவிபட்டினம் பக்கத்திலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். அப்பா தொழிலுக்கு ஓட்டிய 24 அடி ஃபைபர் படகு இரண்டு வாடைக்கு முன் கட்டிய இடத்திலேயே மூழ்கியது. மறுநாள் இழுத்துக் கரையேற்றியதிலிருந்து பனைமரத்தடியில் நிமிர்ந்த வாக்கிலேயே கிடக்கிறது. உள்ளே மழைத்தண்ணீர் நின்று பாசி பிடித்துவிட்டது. 9.9 குதிரைசக்தி ஓ.பி.எம். எஞ்சினை (பின்னால் வெளியே மாட்டும் எஞ்சின்) அவர்கள் படகு மூழ்குவதற்கு முன்பே கழற்றி வீட்டில் வைத்திருந்தார்கள், ஆனால் இப்போது அது ஓடவில்லை. கையில் ஒரு லட்சம் இருக்கிறது. வெளிப்பக்கம் இரண்டு மேட் (ஃபைபர் இழை விரிப்பு) ஒட்டிப் பெயின்ட் அடித்தால் போதும் என்று கரையில் ஒருவர் சொல்லியிருக்கிறார், அது சரியா என்று கேட்கிறார். நான் புரிந்துகொண்டபடி அவருக்குத் தெரிய வேண்டியது இரண்டு: இந்தப் படகில் பணம் போடலாமா, போட்டால் முதல் ரூபாய் எங்கே போக வேண்டும்.

மண்டபம் கரையில் பல வருடமாக ஃபைபர் வேலையும் எஞ்சின் வேலையும் பார்த்து வருகிறவன் என்ற முறையில் சொல்கிறேன். தம்பி, வெளியே மேட் ஒட்டும் யோசனையை இப்போதே விட்டுவிடுங்கள். படகின் உடம்புக்குள் ஈரம் இருக்கும்போது மேலே போடுகிற மேட் அந்த ஈரத்தை உள்ளேயே அடைத்துவிடும். வெயில் காலம் முழுக்க நன்றாகத்தான் தெரியும். அடுத்த வாடையில் எஞ்சின் அதிர்வு பட்டதும் பாளம் பாளமாக உரியும். கெட்டுப்போனது எஞ்சின் மாட்டும் பின்பலகை மட்டும் என்றால், கூலி வேலையில் ஒரு பங்கை நீங்களே செய்தால், உங்கள் பணத்துக்குள் முடியும் என்பது என் கணிப்பு. பின்பலகையோடு அடித்தளமும் வங்குகளும் (உடம்பைத் தாங்கும் உள்சட்டங்கள்) போயிருந்தால் முடியாது. எது போயிருக்கிறது என்று நீங்கள் அனுப்பிய படத்தை வைத்துச் சொல்ல வழியில்லை, படகைத் தொட்டுத்தான் பார்க்க வேண்டும்.

மூழ்கியதுதான் படகைக் கெடுத்தது என்று வீட்டில் எல்லோரும் நினைத்துக்கொண்டிருப்பீர்கள். ஒரு நாள் கடலுக்குள் கிடந்ததால் ஃபைபர் உடம்புக்குப் பெரிதாக ஒன்றும் ஆகாது. அதைவிடக் கெடுதல், இரண்டு வருடமாக உள்ளே நின்ற மழைத்தண்ணீர். மரத்தை மக்க வைப்பது பூஞ்சை. உப்புத்தண்ணீரில் அது எளிதில் வளராது, நல்ல தண்ணீரில் செழித்து வளரும். ஃபைபர் படகு என்று பெயரே தவிர, பின்பலகைக்குள் இருப்பது பிளைவுட். வங்குகளுக்குள்ளும் பல படகுகளில் மரமோ பிளைவுட்டோதான் இருக்கும். போல்ட் ஓட்டை வழியாகவும் மேல்விளிம்பு வெடிப்பு வழியாகவும் இறங்கிய மழைத்தண்ணீர் இரண்டு ஃபைபர் தோலுக்கு நடுவே வெளியேற வழியில்லாமல் நின்றுவிடும். இதோடு பாரமும் உண்டு. ஒரு கன மீட்டர் தண்ணீர் ஒரு டன். அடியில் இரண்டே கட்டையில் உட்கார்ந்திருக்கும் படகு அந்தப் பாரத்தில் வளைந்திருக்கவும் கூடும். ஆகவே இன்று மாலையே செய்ய வேண்டியது, அடைப்பானைக் கழற்றித் தண்ணீரை வடித்து, அணியத்தை (முன்பக்கத்தை) உயர்த்தி வைத்து, மழை உள்ளே விழாதபடி மேலே கீற்றோ தார்ப்பாயோ போடுவது. தார்ப்பாயை உடம்போடு ஒட்டிக் கட்டாதீர்கள். அடியில் காற்று ஓட வேண்டும்.

பிறகு ஒரு சின்னச் சுத்தியலை எடுத்துக்கொண்டு படகு முழுக்கத் தட்டிப் பாருங்கள். நல்ல இடம் ‘டக் டக்’ என்று கெட்டியாகத் திருப்பிச் சொல்லும், மக்கின இடமும் தோல் பிரிந்த இடமும் ‘பொத்’ என்று அமுங்கிய சத்தம் தரும். சந்தேகமான இடங்களைச் சாக்பீஸால் வட்டமிட்டுக்கொள்ளுங்கள். பின்பலகையில், உள்பக்கம், அடியிலிருந்து நாலு விரல் உயரத்தில் 5 மில்லிமீட்டர் பிட்டால் மூன்று இடத்தில் துளை போடுங்கள், வெளித்தோலைத் தொடாமல். வருகிற தூள் வெளுப்பாக, உலர்ந்து, மர வாசனையோடு இருந்தால் உங்களுக்கு நல்ல காலம். கறுப்பாக, ஈரமாக, புளித்த வாடையோடு வந்தால் பலகை போய்விட்டது. வங்குகளின் அடியிலும் இதே மாதிரி பாருங்கள். படகுக்குள் இறங்கி அடித்தளத்தை முழங்காலால் அழுத்துங்கள். இரண்டு வங்குக்கு நடுவே லேசாக இறங்கினால் பரவாயில்லை. வங்கே அசைந்தால், வங்குக்கும் உடம்புக்கும் உள்ள ஒட்டு விட்டுப்போயிருக்கிறது என்று அர்த்தம். அணியத்திலிருந்து பின்பலகை வரை ஏராவின் (அடியில் நீளமாக ஓடும் முதுகெலும்புக் கட்டை) ஓரமாக நூல் பிடித்து உடம்பு வளைந்திருக்கிறதா என்றும் பாருங்கள்.

வெளிப்பக்கத்தில் கண்ணுக்குத் தெரிகிற குறைகளில் பாதி பயப்பட வேண்டாதவை. வெயில் பட்டு ஜெல்கோட் சுண்ணாம்பு மாதிரி வெளுத்திருப்பது மேல்தோல் விஷயம். நூல் நூலாக ஓடும் வெடிப்பில் ஆணி முனையை ஓட்டிப் பாருங்கள், ஜெல்கோட்டோடு நின்றால் விட்டுவிடலாம், உள்ளே இழை தெரிந்தால் திறந்து சரிசெய்ய வேண்டும். கொப்புளங்கள் இருந்தால் ஒன்றைக் குத்திப் பாருங்கள் (கண்ணாடி போட்டுக்கொண்டு, அழுத்தத்தில் பீச்சியடிக்கும்). வினிகர் வாடையோடு நீர் வந்தால், ரெசினுக்குள் (ஃபைபர் இழையை இறுக்கிப் பிடிக்கும் பிசின்) தண்ணீர் ஊறிக் கரைந்த பொருள் அது. அங்கொன்றும் இங்கொன்றுமாக இருந்தால் தனித்தனியே தேய்த்துத் திறந்து உலர்த்தி மூடலாம்.

உட்காரும் பலகைகளுக்கு அடியிலும் அணியத்துக்குள்ளும் ஃபோம் நிரப்பியிருக்கிறார்களா என்று கட்டாயம் பார்க்க வேண்டும். ஒரு கைப்பிடி அளவு தோண்டி எடுத்துப் பிழியுங்கள். தண்ணீர் சொட்டினால் முழுக்க வாரி வெளியே எடுக்க வேண்டியதுதான், ஊறிய ஃபோம் படகுக்குள் கிடந்தபடி உலரவே உலராது. பல ஆட்கள் இதை விட்டுவிட்டு, எஞ்சின் இழுக்கவில்லை, ஸ்பீடு இல்லை என்று எஞ்சினைக் குறை சொல்கிறார்கள். புது ஃபோம் வாங்கப் பணம் இல்லையென்றால் மூடி இறுகிய 20 லிட்டர் பிளாஸ்டிக் கேன்களை வைத்துக் கட்டலாம். ஃபைபர் தண்ணீரில் மிதக்கிற பொருள் இல்லை, தண்ணீரைப்போல ஒன்றரை மடங்கு கனம். 400 கிலோ உடம்பு முழுக்க மூழ்கினால் தண்ணீருக்குள்ளும் சுமார் 130 கிலோ கனக்கும், அதன்மேல் எஞ்சின், வலை. ஒரு கேன் ஏறக்குறைய 20 கிலோ தாங்கும், ஆகவே பத்துக் கேனுக்குக் குறையாமல் வையுங்கள். அவற்றை நடுவில் அடியில் போடாமல் இரு ஓரங்களிலும் உயரமாகக் கட்டினால், தண்ணீர் ஏறினாலும் படகு புரளாமல் நிற்கும். தெர்மாகோல் மட்டும் வேண்டாம், ரெசினும் பெட்ரோலும் பட்டால் கரைந்துபோகும்.

இனி உலர்த்துவது. இந்த வேலையில் காசு கேட்காத பகுதி இதுதான், ஆட்கள் பொறுமையிழப்பதும் இங்கேதான். நம் மாவட்டத்துக்கு மழையில் பெரும்பங்கு அக்டோபர் முதல் டிசம்பர் வரை வந்துவிடும். பிப்ரவரியிலிருந்து ஆகஸ்ட் வரை வெயிலும், நடுவில் கச்சான் (தென்மேற்குக்) காற்றும் நமக்குச் சும்மா கிடைக்கின்றன. வேறு ஊரில் இதற்கு ஹீட்டரும் கொட்டகையும் வாடகைக்கு எடுப்பார்கள். ஆனால் உப்பைக் கழுவாமல் உலர்த்தினால் பயனில்லை. உப்பு இரவுக் காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும், பகலில் காய்ந்த பலகை விடியும்போது மறுபடி நனைந்திருக்கும். கழுவும் தண்ணீரும் முக்கியம். நம் பக்கத்துப் போர் தண்ணீர் பல ஊரில் உப்பு. காவிரிக் குழாய்த் தண்ணீரோ மழைத்தண்ணீரோ பிடித்து வைத்து, இரண்டு மூன்று தடவை உள்ளும் புறமும் கழுவுங்கள். கெட்ட தோலையும் பலகையையும் வெட்டி எடுத்த பிறகே உலர்த்தல் தொடங்குகிறது. மூடியிருக்கும் இடத்தில் எத்தனை வெயில் பட்டும் பலனில்லை. உலர்ந்ததா என்று பார்க்க, தேய்த்துச் சுத்தம் செய்த இடத்தில் ஒரு சாண் சதுரத்துக்குக் கண்ணாடி போன்ற பாலிதீனை வைத்து நான்கு ஓரமும் டேப் ஒட்டி ஒரு பகல் வெயிலில் விடுங்கள். உள்பக்கம் நீர்த்துளி பூத்தால் இன்னும் ஈரம் இருக்கிறது. பூப்பது நிற்கும் வரைக்கும் ரெசின் டப்பாவைத் திறக்காதீர்கள்.

ஆள் வைத்து வேலை செய்வதாக இருந்தால் மாதத்தைப் பார்த்துப் பேசுங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் எல்லாம் அப்போது கரையேறி வேலைக்கு நிற்கும், தச்சரும் ஃபைபர்காரரும் வெல்டரும் கிடைக்க மாட்டார்கள், கிடைத்தாலும் கூலி ஏறியிருக்கும். அந்த இரண்டு மாதம் உங்கள் படகு வெயிலில் காயட்டும். ஜூன் கடைசியில் ஆள் கூப்பிடுங்கள்.

பின்பலகை போயிருந்தால் உள்பக்கமிருந்து மாற்றுவதே நல்லது. வெளித்தோல் முழுதாக இருக்கும், படகின் வடிவம் மாறாது. உள்தோலை ஓரங்களில் இரண்டு விரல் விட்டு வெட்டி எடுங்கள், மக்கின பிளைவுட்டை உளியால் சுரண்டி வெளித்தோலின் சுத்தமான ஃபைபர் தெரியும்வரை போங்கள். புதுப் பலகைக்கு ஐ.எஸ். 710 முத்திரையுள்ள மரைன் பிளைவுட்டைத் தவிர வேறு எதையும் வாங்காதீர்கள். ஐ.எஸ். 303 என்று விலை குறைவாகக் காட்டுவது வீட்டு மேசை நாற்காலிக்கு உரியது. ஐ.எஸ். 710 பலகையின் பசை 72 மணிநேரம் கொதிநீரில் தாங்க வேண்டும் என்பது விதி. முத்திரையில் நம்பிக்கை இல்லையென்றால் ஒரு துண்டு வெட்டி வாங்கி வீட்டில் ஒரு பகல் கொதிக்க வையுங்கள், அடுக்குப் பிரிந்தால் கடைக்காரரிடமே கொடுத்துவிடலாம். இரண்டு 19 மில்லிமீட்டர் பலகைகளை ஒட்டிச் சேர்த்தால் இந்த எஞ்சினுக்குப் போதுமான கனம். விளிம்புகளில் ரெசின் இரண்டு மூன்று தடவை குடிக்க விடுங்கள், தண்ணீர் இறங்குவது முகத்தைவிட விளிம்பு வழியாகத்தான் அதிகம். வெளித்தோலுக்கும் பலகைக்கும் நடுவே காற்று இடைவெளி நிற்காதபடி, ரெசினில் தூள் கலந்து கெட்டியாக்கிய பசையைத் தாராளமாகப் பூசி போல்ட் போட்டு இறுக்குங்கள். பலகை, உடம்பைச் சேரும் மூலைகளைப் பசையால் வளைவாக்கிய பிறகுதான் மேட் ஒட்ட வேண்டும். கூரான மூலையில் மேட் படியாமல் தூக்கிக்கொண்டு நிற்கும்.

ரெசின் எவ்வளவு வாங்குவது என்று கடையில் கேட்டால் கூடத்தான் சொல்வார்கள், நீங்களே கணக்குப் போடலாம். கையால் ஒட்டும்போது மேட்டின் எடையைப்போல இரண்டேகால் மடங்கு ரெசின் பிடிக்கும், ரோவிங் (தடித்த இழையில் நெய்தது) என்றால் ஏறக்குறைய சம எடை. ஒரு சதுர மீட்டர் 450 கிராம் மேட்டுக்கு ஒரு கிலோ. உங்கள் பின்பலகை சுமார் ஒரு சதுர மீட்டர், நாலு மேட் என்றால் நாலு கிலோ, பக்கத்து உடம்பில் ஏறும் பட்டைக்கும் பசைக்கும் இன்னொரு நாலு. வெடித்த இடத்தைச் சரிசெய்யும்போது ஓட்டையை மட்டும் அடைத்தால் நிற்காது. தோலின் கனத்தைப்போல பன்னிரண்டு மடங்கு அகலத்துக்குச் சரிவாகத் தேய்க்க வேண்டும். 6 மில்லிமீட்டர் தோல் என்றால் ஓட்டையைச் சுற்றி ஏழு சென்டிமீட்டருக்கு மேல். இவ்வளவு தேய்ப்பதா என்று கை தயங்கும், தேய்த்தே ஆக வேண்டும். பழைய ஃபைபரும் புதியதும் வேதியியலாக ஒன்றாகாது, பிடித்து நிற்பது சொரசொரப்பான பரப்பில் மட்டும்.

பாலியெஸ்டர் ரெசினா எப்பாக்ஸியா என்பதில் கரையில் ஒருமித்த கருத்து கிடையாது. மரத்தின்மேல் எப்பாக்ஸி நன்றாகப் பிடிக்கும், பழைய ஃபைபர் மேலும் அதன் பிடி அதிகம். இதில் சந்தேகமே இல்லை. விலை பல மடங்கு. நான் உங்கள் இடத்தில் இருந்தால் பலகைகளை ஒட்டவும் விளிம்பை அடைக்கவும் போல்ட் ஓட்டைகளுக்கும் எப்பாக்ஸி, மேலே போடும் மேட் எல்லாம் பாலியெஸ்டர் என்று பிரிப்பேன். ஆனால் எப்பாக்ஸி முழுக்க இறுகி, தண்ணீரால் கழுவித் தேய்த்த பிறகே பாலியெஸ்டர் மேலே வர வேண்டும், பச்சையாக இருந்தால் பாலியெஸ்டர் இறுகாமல் பிசுபிசுக்கும். சாதாரண மேட்டை எப்பாக்ஸியோடு சேர்க்காதீர்கள். அந்த மேட்டை ஒட்டி வைத்திருக்கும் பசை பெரும்பாலும் பாலியெஸ்டரில் உள்ள ஸ்டைரினில்தான் கரையும். எப்பாக்ஸிக்குத் துணிபோல் நெய்தது வாங்க வேண்டும்.

கலவையில் ஒரு விஷயம் உயிர் சம்பந்தப்பட்டது. கோபால்ட்டையும் (இறுகுவதை வேகப்படுத்துவது) கேட்டலிஸ்ட்டையும் (ரெசினை இறுக வைக்கும் திரவம்) நேரடியாக ஒன்றில் ஒன்று ஊற்றக் கூடாது, தீப்பிடித்து வெடிக்கும். கோபால்ட்டை முதலில் ரெசினில் நன்றாகக் கலக்கி முடித்து, பிறகு தனியாகக் கேட்டலிஸ்ட். கோபால்ட் ஏற்கெனவே கலந்து வரும் ரெசினா என்று கடையில் கேட்டு, அதையே வாங்குங்கள். கேட்டலிஸ்ட் ஒரு கிலோவுக்கு 10 முதல் 20 மில்லி. நம் வெயிலில் சீக்கிரம் இறுகுகிறதே என்று 10 மில்லிக்குக் கீழே போனால் ரெசின் எப்போதும் முழுக்க இறுகாது. அளவைக் குறைக்காமல், ஒரு தடவைக்கு அரைக் கிலோ மட்டும் கலந்து, காலை ஒன்பதுக்கு முன்போ மாலை நாலுக்குப் பின்போ வேலை செய்யுங்கள். கேட்டலிஸ்ட் ஒரு சொட்டு கண்ணில் பட்டால் பார்வையே போகக்கூடும். கண்ணாடி போடுங்கள், பக்கத்தில் ஒரு குடம் நல்ல தண்ணீர் வையுங்கள், பட்டால் கால் மணிநேரம் விடாமல் கழுவிவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள். தேய்க்கும் தூளுக்குத் துண்டு கட்டினால் போதாது, நல்ல மாஸ்க் வாங்குங்கள். வீட்டுப் பிள்ளைகளை அந்தப் பக்கம் விடவே வேண்டாம்.

எஞ்சின் மூழ்கவில்லை என்பது உங்கள் பெரிய அதிர்ஷ்டம். உப்புத்தண்ணீரில் மூழ்கிய எஞ்சினை சில மணிநேரத்துக்குள் கழுவி எண்ணெய் விட்டு ஓட்டாவிட்டால் உள்ளே அரிக்கத் தொடங்கிவிடும். உங்களுடையது வெறுமனே நின்ற எஞ்சின். எடுத்த எடுப்பில் கயிற்றை இழுக்காதீர்கள். பிளக்குகளைக் கழற்றி, சிலிண்டருக்குள் டீசலும் எஞ்சின் ஆயிலும் கலந்து கொஞ்சம் விட்டு இரண்டு மூன்று நாள் ஊற விட்டு, ஃப்ளைவீலைக் கையால் மெதுவாகச் சுற்றிப் பாருங்கள். சுற்றினால் இரண்டு சிலிண்டரின் கம்ப்ரஷனையும் அளக்கச் சொல்லுங்கள். ஒன்றுக்கொன்று பத்து சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் இருந்தால் உள்ளே ரிங்கோ போரோ தேய்ந்திருக்கிறது. அப்போது செலவைக் கேட்டுவிட்டு முடிவெடுங்கள். கியர் ஆயிலை வடித்துப் பாருங்கள், மோர் நிறத்தில் வந்தால் சீல் போய்த் தண்ணீர் ஏறியிருக்கிறது. பழைய பெட்ரோலைக் கொட்டிவிட்டுக் கார்புரேட்டரைக் கழற்றிக் கழுவி, எரிபொருள் குழாயையும் தண்ணீர் பம்ப்பின் இம்பெல்லரையும் கேள்வி கேட்காமல் புதிதாக மாற்றுங்கள். இந்த இரண்டும் சின்னச் செலவு, கடலில் எஞ்சின் நிற்பது பெரும்பாலும் இவற்றால். முதல் ஓட்டத்தை நல்ல தண்ணீர் நிரப்பிய டிரம்மில் வைத்துச் செய்யுங்கள். தண்ணீரில்லாமல் ஓட்டினால் இம்பெல்லர் சில விநாடிகளில் கருகும்.

பணத்தை எங்கே மிச்சம் பிடிக்கலாம் என்றால், பெயின்ட்டில். ஓட்டிவிட்டு அன்றன்றைக்குக் கரையேற்றும் படகுக்குக் கொட்டலசு (அடியில் ஒட்டி வளரும் சிப்பி) தடுக்கும் பெயின்ட் தேவையே இல்லை. வெளிப்பூச்சை அடுத்த வருடம்கூட அடித்துக்கொள்ளலாம். வயரிங்கைப் புதிதாக இழுப்பதாக இருந்தால் ஒரே ஒரு விளக்குக்கும் பம்ப்புக்கும் ஈயம் பூசிய செம்புக் கம்பியாக, பேட்டரிக்குப் பக்கத்திலேயே ஃபியூஸ் வைத்துப் போடுங்கள், அது போதும். மிச்சம் பிடிக்கக் கூடாத இடம் பின்பலகையும் எஞ்சின் போல்ட்டும். போல்ட் 316 எஸ்.எஸ். (துருப்பிடிக்காத எஃகு) ஆக இருக்கட்டும், கீழே அகலமான வாஷர் போடுங்கள்.

எல்லாம் முடிந்ததும் நேரே கடலுக்குக் கொண்டு போகாதீர்கள். இடுப்பளவு தண்ணீரில் கட்டி, மணல் மூட்டையால் ஆள் பாரமும் வலைப் பாரமும் ஏற்றி, ஒரு இரவு விடுங்கள். காலையில் எவ்வளவு ஊத்து (கசிந்த தண்ணீர்) நிற்கிறது, எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். முதல் சில நடை கரையைப் பார்த்துக்கொண்டே, இன்னொரு படகின் துணையோடு. பாக் நீரிணையில் கச்சான் அடிக்கும்போது எஞ்சின் நின்ற படகு கிழக்கே, இலங்கை எல்லையை நோக்கித்தான் ஒதுங்கும். அதன் பிறகு நடப்பதை நம் கரையில் யாருக்கும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. நங்கூரமும் கயிறும், ஆளுக்கொரு லைஃப் ஜாக்கெட்டும், துடுப்பும் இந்த ஒரு லட்சத்துக்குள்ளேயே வர வேண்டும். பதிவு அப்பா பேரிலேயே இருந்தால், வேலை நடக்கும்போதே மீன்வளத்துறை அலுவலகத்தில் பெயர் மாற்றத்துக்கு எழுதிக் கொடுங்கள், படகு தயாரான பிறகு காகிதத்துக்காகக் காத்திருக்கும்படி ஆகிவிடக் கூடாது.

இந்த வாரம் தண்ணீரை வடித்து, தட்டிப் பார்த்து, மூன்று துளையின் தூளையும் வெள்ளைத் தாளில் வைத்துப் படமெடுத்து அனுப்புங்கள். பின்பலகையின் உள்பக்கமும், பின்பக்கத்தில் முதல் இரண்டு வங்குகளின் அடியும் தெரிய வேண்டும். அதைப் பார்த்துவிட்டு மேட், ரெசின், பிளைவுட் அளவை எழுதுகிறேன்.